ஆறாம் அறிவு யாருக்கு உரியது?

கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொல்காப்பிய ஆய்வுக்கும் பெயர் பெற்றது. அந்நூலின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. மனத்தால் அறிவதே ஆறாவது. அது மக்களுக்கே உரியது என்பது நம் வழக்கு. உரையாசிரியர் இளம்பூரணரோ கிளிக்கும் குரங்குக்கும் யானைக்கும் அதில் இடமளிக்கிறார்.

மேனாட்டில் இவ்வினா சோதனைக்கூடம் ஏறியது. கூண்டிலடைத்த பூனைகள் முயன்று தவறியே வெளியேறக் கற்கின்றன என்றார் தார்ண்டைக் (1898). சிம்பன்சிகள் பெட்டிகளை அடுக்கிப் பழத்தை எட்டியதைக் கண்ட கோலர், அதனை உட்காட்சி என்றார் (1917).

அன்றே அறிந்தோம் என நாம் பெருமை பேசலாம். ஆனால் அவர்கள் சோதித்தனர். நாமோ உரையாசிரியர் திறந்த கதவினுள் நுழையாமல், சூத்திரத்தை மனனம் செய்வதோடு நின்றுவிட்டோம்.