அறிந்த வாயுவும் அறியாத வாயுவும்: எரிவாயு அளவிகளின் காலிபரேஷன் வரலாறு

எரிவாயுவைக் கண்டறியும் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளையே அடுக்குவர்: 1815-இல் ஹம்ப்ரி டேவியின் பாதுகாப்பு விளக்கு, பின்னர் கானரிப் பறவை, அதன்பின் மின்கருவி. காலிபரேஷன் எனும் அளவுத்திருத்தம் அதில் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகிறது. கருவி சொல்வதை எதைக்கொண்டு நம்புவது என்ற கேள்வியே இந்த வரலாற்றை முன்னகர்த்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து 92 உயிர்களைப் பறித்தது. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாகப் பிறந்த டேவி விளக்கு ஒளி தந்ததோடு வாயுவையும் காட்டிக்கொடுத்தது. மீத்தேன் கலந்த காற்றில் திரியைத் தாழ்த்தினால், சுடரின்மேல் மங்கிய நீலத் தொப்பி எழும்; அதன் உயரத்தை வைத்து வாயுவின் அளவை மதிப்பிட்டனர். ஆனால் அந்த உயரம் எண்ணெயையும் திரியையும் பார்ப்பவரின் கண்ணையும் பொறுத்து மாறியது.

1890-களில் வேதியியலாளர் ஃபிராங்க் குளோவ்ஸ் இந்த மதிப்பீட்டைச் சோதனைக்கு உட்படுத்தினார். அளவு தெரிந்த வாயுக் கலவையை ஒரு பெட்டிக்குள் நிரப்பி, விளக்கை அதனுள் வைத்து, எந்தச் சதவீதத்துக்குச் சுடர் எவ்வளவு உயர்கிறது என்று குறித்தார். அவருடைய ஹைட்ரஜன் சுடர் 0.25 சதவீத மீத்தேனையும் காட்டியது. எனினும் அந்தச் சுடரைவிட அந்தப் பெட்டியையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அறிந்த வாயுவைக் கொடுத்துக் கருவியின் விடையைச் சரிபார்க்கும் இன்றைய முறை அதில் முழுமையாகவே இருக்கிறது.

1920-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் ஆலிவர் ஜான்சன், சூடான பிளாட்டினக் கம்பியின்மேல் வாயுவை எரித்து, கம்பியின் மின்தடை மாற்றத்தை அளக்கும் கருவியை உருவாக்கினார். கண்ணின் இடத்தை முள் பிடித்தது. ஆனால் வெறும் கம்பியில் மீத்தேன் எரிய மிக உயர்ந்த வெப்பம் தேவை. அந்தச் சூட்டில் பிளாட்டினம் மெல்ல ஆவியாக, அளவீடு நகர்ந்துகொண்டே போனது. இதற்குத் தீர்வாகவே பிரிட்டனின் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் ஆலன் பேக்கர் பெல்லிஸ்டர் எனும் உணரியை வடிவமைத்தார். கம்பிச் சுருளைச் சுற்றிய அலுமினா மணியில் பூசிய வினையூக்கி, சுமார் 500 டிகிரி செல்சியஸிலேயே மீத்தேனை எரிக்கிறது.

புதிய மணி புதியதொரு ஆபத்தையும் கொண்டுவந்தது. சிலிக்கோன் ஆவியோ ஈயச் சேர்மமோ பட்டால் வினையூக்கி செயலிழக்கும். அப்போதும் சுருளில் மின்சாரம் ஓடும், திரையில் பூஜ்யம் அசையாமல் நிற்கும், சுத்தமான காற்றில் செய்யும் ஜீரோ சோதனையிலும் கருவி தேறிவிடும். வாயு இல்லாததால் வரும் பூஜ்யத்தையும் மணி செத்ததால் வரும் பூஜ்யத்தையும் பிரித்துக் காட்டுவது சிலிண்டரிலிருந்து செலுத்தும், அளவு தெரிந்த ஸ்பான் வாயு மட்டுமே. பயன்படுத்துமுன் சிறிது வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்க்கும் பம்ப் டெஸ்ட் வழக்கமானதற்கு இதுவே வலுவான காரணம். தாளில் கையெழுத்துக்காக மட்டும் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவது.

அறிந்த வாயு கையில் இருந்தாலும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். மீத்தேன் தீப்பற்றும் கீழ் எல்லையை அமெரிக்க நடைமுறை 5 சதவீதம் என்றும், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) தரம் 4.4 சதவீதம் என்றும் கொள்கின்றன. 2.2 சதவீத மீத்தேன் உள்ள ஒரே சிலிண்டர், முதல் கணக்கில் எல்லையின் 44 சதவீதம், இரண்டாவதில் 50. எல்லையின் 20 சதவீதத்தில் அலாரம் வைத்தால் ஒரு கருவி 1 சதவீத மீத்தேனிலும் மற்றது 0.88 சதவீதத்திலும் ஒலிக்கும். எந்த எல்லையைக் கொண்டு ஸ்பான் வைத்தார்கள் என்பதைக் காலிபரேஷன் சான்றிதழிலேயே எழுதியாக வேண்டும்.