எடை ஒன்றுதானே?

"அண்ணே, எடை ஒண்ணுதானே? அதே அளவு மருந்து போட்டா என்ன?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெக்ஸாஸிலிருந்து சித்தப்பா மகன் போனில் கேட்ட கேள்வி இது. அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவன். சுட்ட தோட்டாக் கூட்டை எடுத்து, புது கேப், மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டா செய்வான். இந்த முறை ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டு வாங்கியிருக்கிறான். அவனிடமிருக்கும் கையேட்டில் அந்தக் குண்டுக்கு அளவு இல்லையாம். அதே எடையுள்ள பழைய குண்டின் அளவையே போடலாமா என்கிறான்.

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். துப்பாக்கியை எங்கள் கிளைக் காவலாளியின் தோளில் பார்த்ததோடு சரி. "அசல் ஒண்ணா இருந்தா வட்டியும் ஒண்ணா இருக்குமாடா? தவணையைப் பார்க்க வேண்டாமா? ஒரு வாரம் பொறு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் படிக்க உட்கார்ந்தவன் எங்கேயோ போய், கடைசியில் எங்கள் ஊர் கடலூருக்கே வந்து சேர்ந்தேன்!

தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலக் கரையில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டு எல்லை வகுத்தார்கள். அதற்குள் சிக்கியவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. எவ்வளவு மருந்துக்குக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது அன்று ஊர்களின் தலையெழுத்து. ஆனால் குண்டின் வேகத்தை அளக்க அப்போது யாருக்கும் வழி தெரியாது.

அதை முதலில் சரியாக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர். கனமான ஓர் ஊசலில் மரப்பலகையைப் பொருத்தி, அதில் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பதை ஒரு நாடாவை வைத்து அளந்து, வேகத்தைக் கணக்கிட்டார். 1742-ல் புத்தகமாக வெளியிட்டார். காற்று குண்டை இழுத்துப் பிடிக்கும் விசை, குண்டின் எடையைப் போலப் பல மடங்கு என்று அதில் காட்டினார். அதுவரை காற்றைப் பெரிதாக மதிக்காமல் போட்ட கணக்கெல்லாம் ஆட்டம் கண்டது. மாமேதை ஆய்லர் அந்தப் புத்தகத்தை 1745-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

ராபின்ஸ் பிறகு கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைப் பலப்படுத்த இந்தியா வந்தார். 1751 ஜூலை 29-ல் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44, கிட்டத்தட்ட என் வயது. அந்தக் கடற்கரையில் எத்தனை சாயங்காலம் சுண்டல் தின்றிருப்பேன்! ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

வேகம் தெரிந்தால் போதாது. கூட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்றும் தெரிய வேண்டும். 1860-களில் ஆண்ட்ரூ நோபிள், வெடிக்கும்போது ஒரு சின்னச் செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று அளந்து அழுத்தத்தைக் கண்டுபிடித்தார். இன்று கையேடுகளில் அச்சாகும் அளவுகளுக்கெல்லாம் இந்த இரண்டு அளவைகளும்தான் அஸ்திவாரம்.

இனி நான் இப்போது குப்பை கொட்டும் கொல்கத்தாவுக்கு வருவோம். விமான நிலையம் இருக்கும் டம்டம்தான் 'டம்டம் குண்டு'க்குப் பேர் கொடுத்த ஊர். அங்கிருந்த ஆயுதச்சாலையில் 1890-களில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் .303 குண்டின் மூக்கில் உலோக உறையைக் கொஞ்சம் நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடம்பில் பட்டதும் விரிந்து பயங்கரக் காயம் உண்டாக்கும். 1899-ல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளுக்குத் தடை போட்டது. அந்தப் பிரகடனத்தின் தேதியும் ஜூலை 29!

பொதுவாக இந்த உறைக்கு ஈயத்தை நிரப்பும் அடிப்பக்கம் திறப்பாக இருக்கும். மூக்கையும் அராவிவிட்டால் இரு பக்கமும் திறந்த குழாய்தான். ஈயம் மட்டும் பறந்துபோய் உறை குழலுக்குள் சிக்கிக்கொள்ளலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடிக்கும். இத்தனைக்கும் எடையில் பெரிய மாற்றம் இல்லை.

1910-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதே .303 கூட்டில் 215 கிரெய்ன் குண்டை மாற்றி, 174 கிரெய்ன் கூர்மூக்குக் குண்டை வைத்தது. வேகம் வினாடிக்குச் சுமார் 2,060 அடியிலிருந்து 2,440 அடியாக ஏறியது. துப்பாக்கிகளின் குறிக்காட்டி அளவுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. ஓர் அரசாங்கமே குண்டு மாறினால் கணக்கைப் புதிதாகப் போட்டிருக்கிறது.

தம்பியிடம் சொன்னேன்: "செம்பு ஈயத்தைவிட லேசு. அதனால அதே எடைக்குக் குண்டு நீளமா இருக்கும். கூட்டுக்குள்ள ஆழமா இறங்கி, மருந்துக்கான இடத்தைக் குறைக்கும். ஈயத்தைவிடக் கடினம் வேற. குழல்ல நுழையும்போது கூடுதலா இறுக்கும். ரெண்டும் சேர்ந்தா அழுத்தம் ஏறும். குண்டு செய்த கம்பெனிக்கே எழுதிக் கேளு. அவங்க சொல்ற ஆரம்ப அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல போ. ஊகத்துல கை வைக்காதே."

கேட்டிருக்கிறான். இரண்டு நாளில் பதில் வந்தது. அவர்கள் கொடுத்த உச்ச அளவே அவன் பழைய குண்டுக்குப் போடுவதைவிடக் குறைவாம். "நல்ல வேளை அண்ணே" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பசங்களையும் அந்தக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்காவது யாராவது சொல்ல வேண்டாமா?