ஒரு தேதி பிரித்த பேரன்கள்

வாடகைத் தகராறைக் கிழவருக்கும் இளைஞருக்கும் நடக்கும் சண்டையாகப் பேசுவது இப்போது வழக்கம். திருவனந்தபுரத்தின் ஆரியசாலைக்கு அது பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைவீதியை உருவாக்கிய பிறகு தமிழ் வணிகர்கள் இந்தப் பக்கம் வேரூன்றினார்கள். எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி அடைக்கும் கடையில் கட்டடம் ஒருவருக்கு, தொழில் இன்னொருவருக்கு. இருவருக்கும் பேரன்கள் பிறந்தார்கள். அவர்களைப் பிரித்தது வயதல்ல, தேதி. 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து இருக்கும் வாடகைதாரரை உரிமையாளரின் சொந்தத் தேவைக்காக வெளியேற்றக் கூடாது என்றது 1965-ஆம் ஆண்டுக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 11(17) பிரிவு. ஊரைவிட்டு ஐந்தாண்டு வெளியே வாழ்ந்த வீட்டுக்காரருக்கும், குடியிருக்கச் சொந்த இடமே இன்றித் தவிக்கும் வீட்டுக்காரருக்கும், அதுவும் குடியிருப்புக்கு மட்டும், ஒரு விலக்கு.

இந்தக் காவல் இல்லாவிட்டால் சிறு வணிகர் என்றோ தெருவுக்கு வந்திருப்பார் என்பார்கள். பாதி உண்மை. கடை வருமானத்தையே முக்கியமாக நம்பி, அக்கம்பக்கத்தில் வேறு இடமும் கிடைக்காத வாடகைதாரருக்கு அதே சட்டத்தின் 11(3) பிரிவே பாதுகாப்புத் தருகிறது. அது தேவையைப் பார்க்கிறது. 11(17) நாட்காட்டியைப் பார்க்கிறது. 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் நியாய வாடகைப் பிரிவுகளைச் செல்லாதென அறிவித்தது. ஆனால் வெளியேற்றத்துக்கான தடைகள் அப்படியே நின்றன. 1941-இல் கடை பிடித்தவரின் பேரனுக்கு மட்டும் அந்தத் தேதியால் ஒரு பயனும் இல்லை.