வேள்வித் தீயும் புகை செல்வழியும்

திருச்சிற்றம்பலம்

அம்பலத்தாடும் பெருமானின் திருக்கரங்கள் நான்கு. அவற்றுள் இடப்பாகத்துப் பின்கை அனலை ஏந்தி நிற்கின்றது. வலப்பாகத்து முன்கை அபயம் அளித்து நிற்கின்றது. அனலேந்திய கை ஒடுக்கத்தையும், அபயக் கை காப்பையும் குறிக்கும் என்பது சித்தாந்த நூலார் துணிபு. மெய்ப்பொருள் உணர்ந்தோர்க்கு இதன் உட்கருத்து விரிவுடையது. கட்டடம் எடுப்போர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தீயை வைக்கும் இடத்திலேயே காப்பையும் வைத்தல் வேண்டும் என்பதே அது.

சிறுமலையின் நிழலில், பெரியாற்றுக் கால்வாய் நீரால் வயல் விளையும் வாடிப்பட்டியில் திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா நிகழும் இவ்வேளையில், தலத்தின் பெருமையையும் தெய்வத்தின் திருவருளையும் பற்றி அன்பர் பலர் இம்மலரில் எழுதுவர். அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. திருக்கோயிலிலும் வேள்விச்சாலையிலும் தீக்கும் புகைக்கும் நம் முன்னோர் எவ்வாறு வழி வகுத்தனர், அவ்வழியை நாம் எவ்வாறு அடைத்துவிட்டோம் என்னும் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே அது.

சாளரத்துக்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ‘காலதர்’ என்பது ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆகவே காற்றுச் செல்லும் வழி என்பது அதன் பொருள். பார்ப்பதற்கென அமைந்த துளை என்று கருதாது, காற்றுக்கு அமைந்த பாதை என்றே அவர்கள் அதனைக் கருதினர். இக்கருத்து நம் ஊர் வீடுகளிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. அடுப்படியின் மேல் ஓட்டுக்கூரையைக் கடந்து புகைக்கூண்டு எழுந்தது. வைக்கோற் படப்பை வீட்டையொட்டிப் போடாமல், தள்ளிக் களத்தருகே போட்டனர் உழவர். இவற்றை எவரும் நூல் கற்று அறிந்தாரல்லர். எரியும் பொருள் மனைக்கு எட்ட இருத்தல் வேண்டும், புகை மேலே போதல் வேண்டும், ஆள் வெளியே போதல் வேண்டும் என்னும் மூன்றும் அவர்தம் வாழ்க்கையிற் படிந்திருந்தன.

மதுரை மாநகர்க்குத் தீயின் நினைவு புதிதன்று. கண்ணகியின் சினத்தீ அந்நகரை எரித்த செய்தியைச் சிலம்பு கூறும். ஆளுடைய பிள்ளையார் எழுந்தருளியிருந்த திருமடத்தில் தீ இடப்பட்ட செய்தியைப் பெரியபுராணம் கூறும். கண்ணகி ஏவிய தீக்கு முதியோரையும் குழவிகளையும் விட்டு விலகுக என்னும் ஆணை இருந்தது. கூரையில் தாவும் தீக்கு அத்தகைய ஆணை யாதும் இல்லை. முதியோரும் குழவிகளுமே அதற்கு முதலில் இரையாவர்.

இனித் திருக்கோயிலின் வரலாற்றைக் காண்போம். தொடக்கத்தில் நம் கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் சுதையாலும் அமைந்தவை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய இவையின்றி மும்மூர்த்திகட்கு அதனை ஆக்கினதாக ஆங்குள்ள கல்வெட்டிற் பொறித்தான். பத்தாம் நூற்றாண்டிற் செம்பியன் மாதேவியார் செங்கற் றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். நிலைபேறு கருதிச் செய்த திருப்பணிகள் இவை. ஆயினும் அவற்றால் விளைந்த நன்மைகளுள் ஒன்று, சுவரும் தூணும் கூரையும் தீக்கு இரையாகாமை. மரம் மிகுந்த மலைநாட்டுக் கோயில்களை நோக்கின் இது விளங்கும். 1950ஆம் ஆண்டிற் சபரிமலைக் கோயில் தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பெற்றது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் குருவாயூர்க் கோயிலில் தீப்பற்றிப் பல மணி நேரம் எரிந்தது.

எனினும், ‘எமது கோயில் கல்லாலாயது; தீ என் செய்யும்?’ என்று அமைதி கொள்ளுதல் பொருந்தாது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. நாயக்கர் காலத்துக் கல்மண்டபம் அது. ஆங்கு எரிந்தது கல் அன்று. மண்டபத்துட் புகுந்திருந்த கடைகளும் அவற்றிற் குவிந்திருந்த சரக்குமே எரிந்தன. எரிந்த சரக்கின் வெம்மை கல்லைத் தாக்கியது. கருங்கல்லிற் பளிங்குக்கல் கலந்திருக்கின்றது. ஏறத்தாழ 573 பாகை வெப்பத்தில் அப்பளிங்கின் உள்ளமைப்பே மாறித் திடீரென விரியும். அருகிலுள்ள பிற கூறுகள் அவ்வாறு விரியா. ஆகவே கல் பிளக்கும், செதில் செதிலாய்த் தெறிக்கும். மண்டபத்தின் தூண்களும் கூரைக் கற்களும் உடைந்து வீழ்ந்தன. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தகுந்த கல்லைத் தேடிக் கொணர்ந்து, தூண் செதுக்கி, மண்டபத்தைப் புதுக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. கல் எரியாது, ஆயினும் நாம் அதனுள் அடைத்து வைக்கும் பொருள் எரிந்து கல்லையும் உடைக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி வேள்விச்சாலையைக் கருதுவோம். குடமுழுக்கின் உயிர்நிலை அதுவே. ஒரு குண்டமாயினும், ஐந்து குண்டமாயினும், ஒன்பது குண்டமாயினும், நடுவில் வேதிகையும் அதனைச் சூழக் குண்டங்களும் அமைதல் ஆகம மரபு. சாலை சதுரமாய் இருத்தல் வேண்டும். நான்கு திசைக்கும் நான்கு வாயில் வேண்டும். அரசு, அத்தி, ஆல், இத்தி ஆகிய மரங்களாலான தோரணங்கள் அவ்வாயில்களில் நிற்றல் வேண்டும். இந்நான்கு வாயில்களுக்கும் உரிய தெய்வங்களும் பூசைகளும் உள. அவற்றை அடியேன் மறுத்துரைக்க வரவில்லை. பூசைக்குரிய அவ்வாயில்களே உயிர் காக்கும் வாயில்களுமாம் என்பதையே கூற விழைகின்றேன். நாற்புறமும் திறந்த சாலையிற் காற்று கீழே புகும். சூடேறிய புகை மேலே எழும். எத்திசையில் தீ தோன்றினும் ஏனைய திசைகளில் மக்கள் வெளியேறலாம்.

நாளடைவில் நிகழ்ந்தது யாது? நான்கு வாயில்கள் ஏட்டளவில் நின்றன. மூன்றைத் தடுப்புக் கட்டி அடைத்தோம். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கு ஒருவழி போதும் என்றோம். கூரைக்குத் தென்னங்கீற்று வேய்ந்தோம். கீற்றின் அடியில் அழகுக்கெனத் துணி விரித்தோம். அதனிடையே மின்கம்பிகளை ஓட்டினோம். நெய்க்குடங்களையும் சமித்துகளையும் குண்டத்தின் அருகிலேயே அடுக்கினோம்.

1997ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயிலிற் குடமுழுக்கிற்கென அமைந்த யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. தீயினாலும், வெளியேற முயன்றோரின் நெரிசலினாலும் 48 பேர் உயிர் நீத்தனர். இராசராசன் எடுத்த கற்றளி அசையாது நின்றது. சில நாட்களுக்கென நாம் எடுத்த பந்தலே உயிரைக் குடித்தது. இதனை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. இறைவனை வழிபடச் சென்றோர் இல்லம் திரும்பவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அத்திருக்கோயிலில் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தபோது, யாகசாலை கோயிலுக்கு வெளியே பெத்தண்ணன் கலையரங்கத் திடலில் அமைக்கப்பெற்றது. பட்டறிவு தந்த பாடம் அது.

தஞ்சை நிகழ்ச்சிக்கு ஆறு நாட்களின் பின், 1997ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள், தில்லியில் உப்கார் என்னும் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். கீழ்த்தளத்து மின்மாற்றியிலிருந்து எழுந்த தீ மேல்மாடத்தை எட்டவில்லை, புகையே எட்டியது. மாடத்தில் இருந்தோர் மூச்சுத் திணறியே உயிரிழந்தனர். வெளியேறும் வழியொன்று கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது. 2004ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றின் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதின்மர்க்கு மேல் மாண்டனர். அவ்வாண்டே சூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றிற் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவ, 94 குழந்தைகள் மடிந்தனர். அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளிற் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. இடம் வேறு, காரணம் வேறு. ஆயினும் பெரும்பாலும் இரண்டு குறைகள் மாறாமல் நிற்பதைக் காண்க. புகைக்கு மேல்வழி இல்லை. மக்களுக்குப் புறவழி இல்லை.

புகையின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். சூடேறிய புகை முதலில் நேரே மேலெழும். மேலே வழியிருப்பின் வெளியேறிவிடும். வழி இல்லையேற் கூரையைத் தடவி நாற்புறமும் பரவும். பின்னர்ப் படிப்படியாகக் கீழிறங்கும். சின்னேரத்தில் நின்றிருப்போரின் முகத்தளவுக்கு வந்துவிடும். அதில் மணமும் நிறமும் அற்ற நச்சுக்காற்று ஒன்று கலந்திருக்கின்றது. கரியமில வாயுவினும் கொடியது அது. அதனை உண்டவர் அறிவு மயங்கி, வாயில் எதிரே இருந்தும் காணாது வீழ்வர். தீ தொடுவதற்கு முன்னரே பலர் இறத்தலின் காரணம் இதுவே. நல்ல காற்று தரையை ஒட்டியே சிறிது நேரம் நிற்கும். ஆதலின் புகை சூழ்ந்த இடத்தில் நிமிர்ந்து ஓடாது, குனிந்தோ தவழ்ந்தோ செல்லுதல் நன்று. புகை மேலே வெளியேறுவதற்குக் கீழே காற்றுப் புகவும் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. மேலே மட்டும் துளையிட்டுக் கீழே முற்றும் அடைத்தாற் பயன் சிறிது. சில கோயில் மண்டபங்களில் நடுப்பத்தியை உயர்த்தி, இருமருங்கும் சாளரம் விட்ட சிற்பிகளின் அறிவு இங்கு எண்ணத்தக்கது.

இப்பெருவிழாவிற்குப் பொருள் வழங்கிய செல்வர்க்கும், உழைப்பு வழங்கிய அன்பர்க்கும் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். யாகசாலைக் கூரைக்குக் கீற்றை விடுத்துத் தகரம் வேய்தல் நன்று. நடுக்கூரையை உயர்த்தி, மழை புகாதபடி மேல்மூடியிட்டு, நாற்புறமும் திறந்துவிடுதல் வேண்டும். கூரையடியில் துணி விரித்துப் புகையைத் தேக்குதல் கூடாது. நான்கு வாயில்களும் அகன்றும் தடையின்றியும் திறந்தே இருத்தல் வேண்டும். அவற்றின் எதிரே கடையோ வண்டியோ செருப்புக் குவியலோ நிற்றலாகாது. மின்னாக்கியும் அதன் எரிநெய்யும் சாலைக்கு அப்பால் இருத்தல் வேண்டும். வேளைக்கு வேண்டும் அளவு நெய்யே உள்ளே வருதல் வேண்டும். வாணவேடிக்கை பந்தலின் அருகிலோ, காற்று பந்தலை நோக்கி வீசும் திசையிலோ கூடாது. முதியோரும் குழந்தையுடன் வந்த தாய்மாரும் வாயிலை அடுத்து அமரட்டும். தண்ணீரும் மணலும் ஒவ்வொரு வாயிலிலும் இருக்கட்டும். தீயணைப்புத் துறையினரை விழா நாளில் மட்டும் அழையாது, பந்தற்கால் நடும் நாளிலேயே அழைத்துக் காட்டுதல் சாலச் சிறந்தது.

கலசம் வழங்கியவர் பெயர் கல்லில் நிற்கும். கதவு வழங்கியவர் பெயரும் நிற்கும். அகன்ற வாயிலுக்கும் உயர்ந்த கூரைக்கும் பொருள் வழங்கியவர் பெயரை எவரும் பொறிப்பதில்லை. வந்தவர் அனைவரும் நலமே வீடு திரும்புவதே அக்கொடையின் கல்வெட்டு. உயிர்க்கு இரங்குதல் சைவத்தின் அடிப்படை. அடியார் திருவடி நோவாதபடி பாதையிற் பந்தல் இட்ட மரபில் வந்தோர், அப்பந்தலே அடியாரைச் சுடாதபடி காத்தலும் கடனன்றோ?

வேள்வித் தீ குண்டத்தில் ஓங்குக. அதன் புகை வானில் எழுக. அபயக் கரத்தான் அடியார் அனைவரையும் காத்தருள்க.

மேன்மைகொள் நெறி விளங்குக. திருச்சிற்றம்பலம்.