ஆறாம் வகுப்பு அட்மிஷன்: பெத்தவங்களுக்கு யார் சொல்றது?

இந்த எபிசோட் எங்க தெருமுனையில ஆரம்பிக்குது. குன்றத்தூர்ல, மலைக்கோயிலுக்குப் போற வழியில, இஸ்திரி வண்டி வெச்சிருக்கிற ஒரு அக்கா. போன மே மாசம் சட்டை வாங்கப் போனப்ப, "தம்பி, பெரியவ காலேஜ் சேர்ந்துட்டா. கூடப் படிச்ச பொண்ணுங்களுக்கெல்லாம் மாசம் ஆயிரம் ரூபா வருது. இவளுக்கு மட்டும் இல்லைங்கிறாங்க. ஏன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்"னு கேட்டாங்க.

பாத்தேன். அது புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சது. அரசுப் பள்ளியில 6-லிருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணு மேல்படிப்புக்குப் போனா மாசம் 1,000 ரூபாய். அக்காவோட பொண்ணு 8-லிருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளிதான். ஆனா 6, 7 ரெண்டு வருஷம் மட்டும் ஒரு சின்ன தனியார் இங்கிலீஷ் மீடியம். கடன் வாங்கிச் சேத்தாங்க, ஃபீஸ் கட்ட முடியாம திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த ரெண்டு வருஷம்தான் இப்ப குறுக்க நிக்குது.

அக்கா கேட்ட அடுத்த கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. "இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

பெரிய பொண்ணு விஷயத்துல யாராலயும் சொல்லியிருக்க முடியாது. அவ ஆறாவது சேர்ந்தப்ப அந்தத் திட்டமே கிடையாது. ஆனா அக்காவோட சின்னப் பையன் அப்பதான் அஞ்சாவது முடிச்சிருந்தான். அவனையும் அதே தனியார் ஸ்கூல்ல சேக்கறதுக்குப் பணம் பொரட்டிக்கிட்டு இருந்தாங்க. இந்தத் தடவை தகவல் இருக்கு, வெப்சைட்ல இருக்கு, அரசாணையில இருக்கு. அக்காகிட்டதான் இல்ல.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க வேலையில ஒரு பாடம் உண்டு: மெசேஜ் அனுப்பிட்டோம்கிறது வேற, அது போய்ச் சேர்ந்துச்சுங்கிறது வேற. நம்ம பள்ளிக்கூட வரலாற்றை இந்தக் கண்ணால பாத்தா என்ன தெரியுதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல 1953-க்குப் போவோம். சென்னை மாநில முதல்வர் ராஜாஜி. பள்ளிக்கூடமும் பத்தல, வாத்தியாரும் பத்தல. அதனால கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள்ல ஒரு புதுத் திட்டம் வந்தது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 3 மணி நேரம் மட்டும் பள்ளி, ரெண்டு ஷிப்ட். மிச்ச நேரம் பிள்ளைங்க அப்பா அம்மா செய்யற தொழிலைக் கத்துக்கணும். அதே வாத்தியாரை வெச்சு இன்னும் நிறைய பேரைச் சேக்கலாம்கிறது அரசோட வாதம். முடி வெட்டுறவர் மகன் முடி வெட்டவே போகணுமாங்கிறது எதிர்ப்பாளர்களோட கேள்வி. "குலக்கல்வி"ங்கிற பேரே அப்படி வந்ததுதான். 1954-ல ராஜாஜி பதவி விலகினார், ஏப்ரல்ல காமராஜர் வந்தார், மே மாசமே திட்டம் வாபஸ்.

இந்தக் கதையை நாம அரசியலா நிறைய கேட்டிருக்கோம். நான் கவனிச்சது வேற. தன் பிள்ளையோட நாள் பாதியா குறையறதைப் பத்தி அந்தக் கிராமத்துப் பெத்தவங்ககிட்ட யாரும் முன்கூட்டிக் கருத்து கேக்கல. முடிவு எடுத்தாச்சு, அப்புறம்தான் தகவல்.

நாலு வருஷம் கழிச்சு நேர்மாறா ஒண்ணு நடந்தது. அப்ப கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. நம்ம பக்கத்து ஆளு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல நெய்யாடுபாக்கத்துல பொறந்தவர். 1958-ல, அதே மாவட்டத்துல கடம்பத்தூர்ல, பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. ஊர் மக்களைக் கூப்பிட்டு, "உங்க பள்ளிக்கு என்ன குறை?"னு பட்டியல் போடுறது. ஒருத்தர் கரும்பலகை, ஒருத்தர் பெஞ்சு, ஒருத்தர் கட்டடம் கட்ட இடம். இது அப்படியே மாநிலம் முழுக்கப் பரவுச்சு.

எல்லாரும் இதை நன்கொடைக் கதையா சொல்வாங்க. எனக்கு இது தகவல் கதையாவும் தெரியுது. பள்ளிக்கு ஒரு பெஞ்சு குடுத்தவர், அந்தப் பெஞ்சு எந்த வகுப்புல கிடக்குதுன்னு உள்ள போய்ப் பாப்பார் இல்லையா? ஆனா பெஞ்சு வாங்கிக் குடுக்க வசதியில்லாத அம்மாவுக்கு அங்க என்ன இடம்?

அந்த இடத்தைச் சட்டமே குடுக்க அரை நூற்றாண்டு ஆச்சு. 2009-ல கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 ஏப்ரல் 1-ல அமலாச்சு. அதோட 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பத்திச் சொல்லுது. குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். காகிதத்துல பிரமாதம். நடைமுறையில நிறைய இடத்துல அந்தக் குழு வெறும் கையெழுத்துக் குழுதான்.

அதோட விலை 2019-ல தெரிஞ்சது. அந்த செப்டம்பர்ல, 5-க்கும் 8-க்கும் பொதுத்தேர்வுன்னு தமிழக அரசு ஆணை போட்டுச்சு. ஃபெயிலானா என்ன ஆகும், வேற பள்ளியில போய் எழுதணுமான்னு வீட்டுக்கு வீடு குழப்பம். எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரி 4-ல ரத்துன்னு அறிவிச்சாங்க. நடுவுல அஞ்சு மாசம். பத்து வயசுப் பிள்ளைங்க பயத்தோடயே படிச்ச அஞ்சு மாசம். 1953-க்கும் 2019-க்கும் நடுவுல இவ்வளவு வருஷம் ஓடியும், பெத்தவங்க விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்ட விதம் மட்டும் மாறவே இல்ல.

2022 மார்ச் 20, ஒரு ஞாயித்துக்கிழமை. "நம் பள்ளி நம் பெருமை"ங்கிற பேர்ல மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகள்ல பெற்றோர் கூட்டம். அப்புறம் 20 பேர் கொண்ட புதுக் குழுக்கள், தலைவர் கட்டாயம் ஒரு அம்மா. 2024-ல அதை 24 பேர் ஆக்கி, முன்னாள் மாணவர்களையும் சேத்தாங்க. அமைப்பு இப்ப இருக்கு. ஆனா பகல்ல கூட்டம்னா இஸ்திரி வண்டியை யார் பாத்துக்கறது? ஒரு நாள் வண்டி நின்னா ஒரு நாள் வருமானம் போச்சு.

சரி, நடுநிலை வகுப்புகள் ஏன் இவ்வளவு முக்கியம்? மூணு காரணம்.

ஒண்ணு, தொடக்கப் பள்ளி 5-ஓட முடியும், நடுநிலைப் பள்ளி 8-ஓட முடியும். ரெண்டு இடத்துலயும் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேற பள்ளி தேடணும். பிள்ளைங்க வழியில நின்னுபோற இடமும் இதுதான்.

ரெண்டு, 6-ஆம் வகுப்பு இப்ப ஒரு ஸ்டார்ட்டிங் பாயின்ட். மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல வந்தது, அடுத்த வருஷம் இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கும் வந்தது. எல்லாத்துக்கும் 6-லிருந்து 12 வரைங்கிற கணக்குதான். பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் மாதிரி, பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன் வந்தது. அதுலயும் அதே கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களுக்கும் இந்த 1,000 ரூபாய் உண்டு. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டுல தனியார் பள்ளியில 8 வரைக்கும் படிச்சு, 9-ல அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கும் வழி இருக்கு. அக்காவோட பொண்ணு மாதிரி ஃபீஸ் கட்டிப் போய்ட்டு வந்தவங்களுக்கு இல்ல.

மூணு, 8-ஆம் வகுப்புல என்.எம்.எம்.எஸ். தேர்வு. தேறினா 9-லிருந்து 12 வரைக்கும் வருஷத்துக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்க, குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருந்தா எழுதலாம். தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 6,695 இடம். எட்டாவதுல விட்டா விட்டதுதான்.

பதினோரு வயசுல எடுக்கிற ஒரு முடிவோட பலன் பதினெட்டு வயசுல தெரியுது. அந்த முடிவை எடுக்கிற அம்மாவுக்கு அது தெரியாதுன்னா, அதை அவங்க முடிவுன்னு எப்படிச் சொல்றது?

அன்னைக்கு ராத்திரி இதையெல்லாம் ஒரு பக்கத்துல எழுதி, மறுநாள் அக்காகிட்ட படிச்சுக் காமிச்சேன். தனியார்ல சேக்காதீங்கன்னு நான் சொல்லல, அது என் வேலை இல்ல. அக்கா ரெண்டு பள்ளிக்கும் நேர்ல போய்ப் பாத்தாங்க. இங்கிலீஷ் மீடியம் அரசுப் பள்ளியிலயே இருக்குன்னு அங்க போய்தான் தெரிஞ்சுதாம். ஜூன்ல பையன் அங்க சேர்ந்துட்டான். அந்தப் பக்கத்தை மட்டும் அக்கா திருப்பித் தரல. பக்கத்துல பூக்கடை வெச்சிருக்கிறவங்ககிட்ட குடுத்துட்டாங்களாம். அவங்க பொண்ணு இப்ப ஏழாவது.

கேக்கிற நீங்க பாதிப் பேர் என்னை மாதிரி அபார்ட்மென்ட்ல இருப்பீங்க. உங்க செக்யூரிட்டி அண்ணன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, அவங்க பிள்ளைங்க எந்த வகுப்புன்னு ஒரு தடவை கேளுங்க. அஞ்சாவதோ எட்டாவதோன்னு சொன்னா, பத்து நிமிஷம் உக்காந்து பேசுங்க. விதிகள் மாறும், அந்த வருஷத்து அறிவிப்பைப் பாத்துட்டு, பள்ளித் தலைமையாசிரியர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.