செல்ட்டா

செல்ட்டா என்பது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதோருக்கு அம்மொழியைக் கற்பிக்க விரும்புவோர் பெறும் தொடக்கநிலைச் சான்றிதழ் ஆகும். இதனைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு வழங்குகின்றது. இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழ் இதற்கு இணையாகக் கருதப்படுகின்றது.

வரலாறு

ஜான் ஹேகிராஃப்ட் 1962 இல் இலண்டன் இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளியில் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியே இதன் மூலமாகும். 1988 இல் கேம்பிரிட்ஜ் இதன் பொறுப்பை ஏற்றது.

பயிற்சி

முழுநேரமாகப் பயில்வோர் நான்கு அல்லது ஐந்து வாரங்களில் முடிக்கலாம். பயிற்சி நேரம் குறைந்தது 120 மணி. இறுதித் தேர்வு கிடையாது. நான்கு எழுத்துப் பணிகள் உண்டு. ஆயினும் பயிற்சியின் உயிர்நாடி, ஆங்கிலம் கற்க வந்துள்ள மாணவர்களுக்கு ஆறு மணிநேரம் பாடம் நடத்துவதேயாகும். பயிற்றுநர் அதனைக் கவனித்துக் குறைநிறைகளைக் கூறுவார். கேம்பிரிட்ஜ் அனுப்பும் வெளி மதிப்பீட்டாளர் ஒருவரும் பயிற்சியை மதிப்பிடுவார்.

பிற சான்றிதழ்கள்

டெஃபல் என்பது தனியொரு சான்றிதழின் பெயரன்று. வெளிநாட்டினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் பொதுப்பெயர். அப்பெயரில் எந்நிறுவனமும் சான்றிதழ் வழங்கலாம். "120 மணிநேரம்" என விளம்பரம் செய்யப்படுபவற்றுள், ஒரு மாணவரையும் காணாமல் கணினியில் படித்தே முடிக்கத்தக்கவையும் உள்ளன. எனவே, கற்பித்தற் பயிற்சி எத்தனை மணிநேரம், அதனை மதிப்பிடுபவர் யார் என்பவற்றைக் கட்டணம் செலுத்துமுன் கேட்டறிதல் வேண்டும்.

நுழைவுரிமை

எந்தச் சான்றிதழும் குடிவரவு விதிகளுக்கு மாற்றாகாது. எடுத்துக்காட்டாக, தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா, பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே வழங்கப்படுகின்றது. அவர்களுக்கும் பட்டப்படிப்பு தேவை.