வீட்டை அறிந்த வைத்தியர்: வேலூரிலிருந்து தளேகாவ் வரை

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் வழியில் வருவது தளேகாவ். 1995-இல் இங்கே மைமர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதைச் சேர்ந்த போதனா மருத்துவமனைக்குப் பெயரிலேயே ‘கிராமிய மருத்துவமனை’ என்று இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் கிராமத்தின் பெயர்? இதை விளங்கிக்கொள்ள நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் போக வேண்டும்.

எங்கள் வந்தவாசிக்குப் பக்கத்து ஊர் திண்டிவனம். 1890களில் அங்கே ஒரே இரவில் மூன்று கணவன்மார் பிரசவ உதவி கேட்டு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் வந்தார்கள். அவர் தந்தை டாக்டர்தான். ஆனால் ஆண் வைத்தியர் உள்ளே வரக்கூடாது என்பது அந்த வீடுகளின் கட்டுப்பாடு. மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா, 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தார்.

நாம் கவனிக்க வேண்டியது அவருடைய சாலையோர வைத்தியம். குறித்த நாளில் வண்டி கிளம்பும். வழியெங்கும் மரத்தடியில் நோயாளிகள் காத்திருப்பார்கள். மாணவிகளும் கூடப் போவார்கள். நோயாளி எந்தக் குடிசையிலிருந்து வருகிறார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார் என்பதும் அவர்களுக்குப் பாடமாயிற்று.

சுதந்திரத்துக்கு முன்பே, 1946-இல், போர் கமிட்டி அறிக்கை இதையே வற்புறுத்தியது: டாக்டர் சமூகத்தை அறிந்தவராக இருக்க வேண்டும், பயிற்சியில் மூன்று மாதம் அதற்கே ஒதுக்க வேண்டும் என்றது. நடந்தது வேறு. இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று பிரிவுகள் பெருகின. அதனால் பல உயிர்கள் பிழைத்தன, மறுக்க முடியாது. ஆனால் வீட்டு வைத்தியர் என்ற ஆள் மெல்ல மறைந்துபோனார்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் மனைவிக்கு அடிக்கடி தலைசுற்றல். நாலு நிபுணர்கள், நாலு ஃபைல். கடைசியில் ஒரு போதனா மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி, “ஆஜி, வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாத்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு வாங்க” என்றாள். பையைக் கொட்டிப் பார்த்தால், ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில்! தன் பெரிய டாக்டரிடம் காட்டி ஒன்றை நிறுத்தினாள். தலைசுற்றலும் நின்றது. யாரும் தப்பான மருந்து எழுதவில்லை. முழுசாகப் பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த ஆளை உருவாக்குவதுதான் குடும்ப மருத்துவப் பயிற்சி. குழந்தை, கர்ப்பிணி, முதியவர் எல்லாரையும் பார்ப்பது, சர்க்கரையையும் மனக்கவலையையும் சேர்த்து விசாரிப்பது, எப்போது நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவது, திரும்பி வந்தவரைத் தொடர்ந்து கவனிப்பது – இவையே அதன் பாடம். இங்கிலாந்தில் 1952-இல் பொது மருத்துவர்களுக்கென்று தனிக் கல்லூரி அமைந்தது. அமெரிக்காவில் 1969-இல் இது தனித்துறையாயிற்று. வேலூரில் 1982-இல் நகரத்து ஏழைகளுக்காகக் குறைந்த செலவுப் பிரிவு ஒன்று தொடங்கி, குடும்ப மருத்துவர்கள் பயிலும் இடமாக வளர்ந்தது. நமது தேசிய நலவாழ்வுக் கொள்கை 2002-இலும் 2017-இலும் இத்துறை வளர வேண்டும் என்றது. 2022 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்ற திட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. மரத்தடிப் பாடம் நூறாண்டு கழித்துச் சட்டமாகித் திரும்பியிருக்கிறது!

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என நான்கு கூறு சொல்கிறது. நான்காமவர் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் முழுமையாகாது. ஊரைவிட்டு வந்த நமக்கு அதுதான் குறை. பாட்டியும் இல்லை, தெரு முனை டாக்டரும் இல்லை. சமணர் போற்றும் நான்கு தானங்களில் ஔடத தானமும் ஒன்று. மருந்து வாங்கிக் கொடுத்தால் மட்டும் அது முடிந்துவிடாது என்பது என் எண்ணம். நம் சங்கத்து வீடுகளில் தனியாக இருக்கும் முதியவரை, மாத்திரைப் பையோடு ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, மராத்தியில் எடுத்துச் சொல்லும் இளையவர் யாரோ, அவர் செய்வதும் ஔடத தானமே.